இருவருக்கும் வேலை மாற்றம், வீட்டில் நாய்க்குட்டி, நடுவில் ரயில் பயணம்: எதை முதலில் செய்வது?

கேள்வி கேட்ட தம்பி பெருங்களத்தூரில் இருக்கிறார். கல்யாணமாகி மூன்று வருஷம். அவர் சாஃப்ட்வேர் டெஸ்டிங், மனைவி ஒரு தனியார் மருத்துவமனையில் கணக்குப் பிரிவு. இருவருமே இந்த வருஷம் வேலை மாறப் பார்க்கிறார்கள். தெருவிலிருந்து எடுத்து வந்த நாட்டு நாய்க்கு எட்டு மாதம். அதை ரயிலில் மனைவியின் ஊருக்குக் கூட்டிப் போக வேண்டும், இரண்டு பேரும் சேர்ந்து செய்ய ஒரு பொழுதுபோக்கும் வேண்டும். எல்லாம் ஒரே வருஷத்தில் நடக்குமா, எதை முதலில் செய்வது என்று கேட்டிருக்கிறார்.

நடக்கும் தம்பி. ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் கறாராக இருங்கள். இரண்டு பேரும் ஒரே மாதத்தில் ராஜினாமா கொடுக்காதீர்கள். நான் 16 வருஷமாக நிறுவனங்களுக்குச் சம்பளப் பட்டியல் போடும் வேலையில் இருப்பவள். அடுத்தவர்களுக்கு இதைச் சொல்லிச் சொல்லி வாய் வலித்தவள். அப்படியிருந்தும் 2025 பிப்ரவரியில் நானும் என் வீட்டுக்காரரும் ஒரே வாரத்தில் கடிதம் கொடுத்தோம். இரண்டு பேருக்கும் நல்ல இடம் கிடைத்த சந்தோஷத்தில் நாட்காட்டியைப் பார்க்கவில்லை.

அவருக்கு நோட்டீஸ் 30 நாள், எனக்கு 60. மார்ச்சில் அவர் வெளியே வந்து, ஒன்பது நாள் சும்மா இருந்து, ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஷிஃப்ட் வேலையில் சேர்ந்தார். அந்த ஒன்பது நாளும் நான் பொறுப்பு ஒப்படைக்கும் வேலையில் ராத்திரி எட்டு மணி வரை அலுவலகத்தில் இருந்தேன். ஏப்ரல் கடைசியில் நான் வெளியே வந்தேன். மே 5 சேர வேண்டிய நாள். இரண்டு நாள் முன்னால் புது நிறுவனத்திலிருந்து மின்னஞ்சல் வந்தது, சேரும் தேதி ஜூன் 9 என்று. அதற்குள் அவர் சேர்ந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை, விடுப்பு கேட்க வாயில்லை. ஆக, அவருடைய இடைவெளியும் என்னுடைய இடைவெளியும் தனித்தனியாக வீணாகப் போயின. எங்கள் நாய் சுக்குவுக்கு உடம்பு சரியில்லாமல் போனதும் அந்த மே மாதத்தில்தான். அதைப் பிறகு சொல்கிறேன்.

இப்போது உங்கள் கணக்குக்கு வருவோம். முதலில் யார் மாறுவது? யாருடைய அலுவலக மருத்துவக் காப்பீட்டில் இரண்டு பேரும் இருக்கிறீர்களோ, அவர் இரண்டாவதாக மாறட்டும். குழுக் காப்பீடு கடைசி வேலைநாளோடு முடிந்துவிடும், புதிய இடத்தில் சேரும் நாளில்தான் மறுபடி தொடங்கும். நடுவில் இருக்கும் நாட்களுக்கு யாரும் பொறுப்பில்லை. அதோடு, ராஜினாமா கொடுக்கும் முன்பே உங்கள் இருவர் பெயரிலும் சொந்தமாக ஒரு பாலிசி எடுத்துவிடுங்கள். தனிப் பாலிசியில் முதல் 30 நாளுக்கு விபத்து தவிர வேறு எதற்கும் பணம் வராது என்பதால், வேலையை விட்ட பிறகு எடுத்தால் தேவையான நேரத்தில் கை கொடுக்காது. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. முன்பு பிரீமியத்தோடு 18 சதவீதம் சேர்த்துக் கட்டினோம்.

முதலில் மாறுகிறவர் மார்ச் 31-ஐ ஒட்டி வெளியே வர முடிந்தால் வரிக் கணக்கு சுத்தமாக இருக்கும். நடுவருஷத்தில் மாறினால், பழைய இடத்தில் வாங்கிய சம்பளத்தையும் பிடித்த வரியையும் புது இடத்தில் எழுதிக் கொடுத்தே ஆக வேண்டும். கொடுக்காவிட்டால் என்ன ஆகும் தெரியுமா? இரண்டு நிறுவனமும் தாங்கள் தருவதுதான் உங்கள் மொத்த வருமானம் என்று நினைத்துக்கொள்ளும். புதிய வரி முறையில் சம்பளத்திலிருந்து வரியில்லாமல் கழிக்கும் 75,000 ரூபாய் நிலைக் கழிவை இரண்டு நிறுவனமுமே கொடுக்கும், குறைந்த வரி அடுக்குகளின் சலுகையையும் இரண்டு நிறுவனமுமே கொடுக்கும். மாதா மாதம் கையில் கூடுதலாக வருவதுபோல் இருக்கும். ஜூலையில் ரிட்டர்ன் போடும்போது மொத்தமாக, வட்டியோடு கட்டச் சொல்லும். கண்ணில் நீர் விட்டுக்கொண்டு என் மேஜைக்கு வந்தவர்கள் ஒவ்வொரு வருஷமும் உண்டு.

பி.எஃப். பணத்தை எடுக்காதீர்கள், மாற்றுங்கள். ஐந்து வருஷத் தொடர் சேவைக்கு முன் எடுத்தால் வரி உண்டு. அதைவிட முக்கியம், ஓய்வூதியத்துக்குப் பத்து வருஷச் சேவை சேர வேண்டும், முழுதும் எடுத்துவிட்டால் சேர்ந்த வருஷங்களும் போய்விடும். மாற்றும்போது நம் ஊர்க்காரர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் இனிஷியல்தான். ஆதாரில் எஸ். கவிதா, பி.எஃப். கணக்கில் கவிதா சுப்பிரமணியன், பான் அட்டையில் கவிதா என்று மட்டும். கல்யாணத்துக்குப் பிறகு கணவர் பெயர் சேர்த்திருந்தால் நான்காவது பெயர் ஒன்று. கம்ப்யூட்டருக்கு இவர்கள் நான்கு பேர். பழைய நிறுவனத்தின் மனிதவளப் பிரிவு உங்கள் தொலைபேசியை எடுக்கும் நாட்களிலேயே பெயரைத் திருத்திக்கொள்ளுங்கள். வெளியேறிய தேதியைப் பதிவு செய்துவிட்டார்களா என்று யு.ஏ.என். (உங்கள் பி.எஃப். எண்) கணக்கில் நீங்களே பாருங்கள். அவர்கள் செய்யாவிட்டால் கடைசிச் சந்தா போய் இரண்டு மாதம் கழித்து நீங்களே குறித்துக்கொள்ளலாம். வேலையை விடும்போது நிறுவனம் தரும் பணிக்கொடை, அதாவது கிராஜுவிட்டிக்கு ஐந்து வருஷம் என்பது பொது விதி. நான்கு வருஷமும் ஐந்தாவது வருஷத்தில் 240 நாளும் வேலை செய்திருந்தால் போதும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 1998-இலேயே சொல்லியிருக்கிறது. உங்கள் மனைவிக்கு அந்த எல்லை பக்கத்தில் இருந்தால் இரண்டு மாதம் பொறுத்து வெளியே வரச் சொல்லுங்கள்.

இரண்டாவது ஆள் எப்போது மாறுவது? முதல் ஆளுக்குப் பணி உறுதியான பிறகு. அதுவரை இரண்டாவது ஆளிடம் சேர்ந்திருக்கும் விடுப்பு இருக்கிறதே, அதுதான் உங்கள் வருஷத்தின் பெரிய சொத்து. புதிதாகச் சேர்ந்தவருக்கு லீவு கிடைக்காது, பழைய இடத்தில் இருப்பவருக்குக் கிடைக்கும். முதல் ஆளின் இடைவெளி நாட்களும் இரண்டாவது ஆளின் விடுப்பும் ஒன்றின் மேல் ஒன்று விழும்படி இரண்டு வாரம் எடுங்கள். பயணத்தையும் நாயின் அறுவை சிகிச்சையையும் அங்கேதான் வைக்க வேண்டும்.

ஆமாம், நாய்க்குக் கருத்தடை. எட்டு மாதம் என்கிறீர்கள், ஆணா பெண்ணா என்று எழுதவில்லை. பெண் என்றால் முதல் பருவம் ஆறிலிருந்து பன்னிரண்டு மாதத்துக்குள் வந்துவிடும். ஆணாக இருந்தாலும் செய்துவிடுவது நல்லது. அறுவைக்குப் பின் தையல் ஆறச் சுமார் பத்து நாள், நக்காமல் கழுத்தில் கூம்பு மாட்டிப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஒரு ஆள் வேண்டும். இந்தக் காரியத்துக்கு வேலைகளுக்கு நடுவே கிடைக்கும் இடைவெளியைப் போல் வசதியான காலம் வேறில்லை. அதற்கு முதல் பத்து நாளை ஒதுக்கி, ஆறிய பிறகு பயணம் வையுங்கள்.

இப்போது சுக்குவின் கதை. உங்களுக்குக் கட்டாயம் தேவைப்படும் என்பதால் சொல்கிறேன். அக்னி நட்சத்திரம் தொடங்கி ஒரு வாரம். காலையில் தட்டில் போட்ட தயிர்சாதத்தை மோந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டது. வெயில் என்று நினைத்தேன். பக்கத்தில் இருந்த ஒரு கிளினிக்கிலும் வெயில் என்றுதான் சொல்லி ஒரு சிரப் கொடுத்து அனுப்பினார்கள். இரத்தம் எடுத்துப் பார்க்கலாமா என்று கேட்டேன், தேவையில்லை என்றார்கள். மூன்றாம் நாள் வெள்ளை மொசைக்கில், அது படுத்திருந்த இடத்தில், குங்குமம் சிந்தினாற்போல் ஒரு பொட்டு. தொட்டுப் பார்த்தால் இரத்தம், மூக்கிலிருந்து. உதட்டைத் தூக்கிப் பார்த்தேன், ஈறு வெளுத்து வாழைத்தண்டு நிறத்தில் இருந்தது.

வீட்டுக்காரருக்கு அன்று இரவு ஷிஃப்ட். ஆட்டோவில் என் மடியில் போட்டுக்கொண்டு வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போனேன். அங்கே முதலில் செய்தது இரத்தப் பரிசோதனை. இரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுக்கள் (பிளேட்லெட்) 38,000. நாய்க்குச் சாதாரணமாக இரண்டு இலட்சத்துக்கு மேல் இருக்க வேண்டும். உண்ணிக் காய்ச்சல். 28 நாள் மருந்து. அந்த மாத்திரையை வெறும் வயிற்றில் கொடுத்தால் வாந்தி எடுக்கும், சாப்பிடாத நாய்க்கோ சாப்பாட்டோடு கொடுத்தாக வேண்டும். வேகவைத்த ஈரலில் பொதிந்து, கையால் ஊட்டி, ஒரு நாளைக்கு இரண்டு வேளை. நான்காம் நாள் வாலை ஒருமுறை தரையில் தட்டியது. சமையலறையில் நின்றுகொண்டு அழுதேன்.

நான் வேலையில்லாமல் வீட்டில் இருந்ததால் அது பிழைத்தது. இரண்டு பேரும் புது இடத்தில் பயிற்சிக் காலத்தில் இருந்திருந்தால் முதல் மூன்று நாளோடு இன்னும் மூன்று நாள் போயிருக்கும். வேலை மாற்றத் தேதிகளைக் குறிக்கும்போது நாயையும் குடும்பத்தில் ஒரு ஆளாக எண்ணச் சொல்வது இதனால்தான். ஏப்ரல் முதல் ஜூன் வரை ஒருவராவது உடனே வீட்டுக்கு வரக்கூடிய நிலையில் இருங்கள். தினமும் காதுக்குள்ளும் கால் விரல் இடுக்கிலும் விரலை விட்டுப் பாருங்கள். உண்ணி நாய் மேல் மட்டும் இருப்பதில்லை. வயிறு நிறைந்த பெண் உண்ணி கீழே இறங்கி, சுவர் விரிசலிலும் கதவுச் சட்டத்திலும் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். நாய்க்கு மருந்து போட்டுவிட்டு விரிசலை அடைக்காமல் விட்டால் அடுத்த மாதம் அதே கதை. சாப்பாட்டை ஒரு வேளைக்கு மேல் ஒதுக்கி, காய்ச்சலும் இருந்தால் இரத்தப் பரிசோதனையை நீங்களே கேளுங்கள். மறுத்தால் வேறு இடம் போங்கள்.

ரேபிஸ் ஊசி வருஷத்துக்கு ஒன்று என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஊசி அட்டையைப் பத்திரமாக வையுங்கள், ரயிலிலும் விடுதியிலும் முதலில் கேட்பது அதைத்தான்.

இனி ரயில். பலர் தப்பாகப் புரிந்துகொள்வது இங்கேதான். இரண்டாம் வகுப்பு ஏசி, மூன்றாம் வகுப்பு ஏசி, ஸ்லீப்பர், சேர் கார் எதிலும் நாயைக் கூட வைத்துக்கொள்ள முடியாது. இருக்கை மட்டும் உள்ள வந்தே பாரத்தும் சேர் கார்தான். முதல் வகுப்பு ஏசியில் மட்டும், அதுவும் இரண்டு படுக்கை கொண்ட கூப்பே அல்லது நான்கு படுக்கை கொண்ட கேபின் முழுதும் உங்களுடையதாக இருந்தால்தான் முடியும். தம்பதிக்கு இது சாதகம். ஒரே பி.என்.ஆர். எண்ணில் இரண்டு டிக்கெட், அதுவே ஒரு கூப்பேக்கான கணக்கு. ஆனால் டிக்கெட் எடுக்கும்போது கூப்பே கேட்டு வாங்க முடியாது. சார்ட் போடும்போதுதான் ஒதுக்குவார்கள். அதனால் நாய் வருகிறது, கூப்பே ஒதுக்கித் தாருங்கள் என்று டிக்கெட் நகலோடு ரயில்வேயின் வணிகப் பிரிவுக்கு முன்கூட்டியே ஒரு விண்ணப்பம் எழுதிக் கொடுங்கள்.

நாங்கள் போன ஆகஸ்டில் பாண்டியன் எக்ஸ்பிரஸில் எழும்பூரிலிருந்து மதுரைக்குப் போனோம். சின்னமனூரில் என் நாத்தனார் வீடு, மதுரையிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர், அங்கிருந்து கார். சார்ட் வந்து கூப்பே என்று பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. வண்டிக்கு மூன்று மணி நேரம் முன்பே பார்சல் அலுவலகம் போய்விட்டோம். டிக்கெட், ஆதார், ஊசி அட்டை, முந்தின நாள் மருத்துவரிடம் வாங்கிய உடல்தகுதிச் சான்று, எல்லாவற்றிலும் இரண்டு நகல். நாயைத் தராசில் ஏற்றி எடை பார்த்து ரசீது போட்டார்கள். சுக்கு தராசில் உட்கார்ந்து, சுமை தூக்குகிற அண்ணன் ஒருவரின் கையை நக்கிக்கொண்டிருந்தது. அந்த ரசீதைப் பயணம் முடியும்வரை கையில் வைத்திருங்கள். புக் செய்யாத நாய் என்று பிடித்தால் கட்டணத்தைப் போல் ஆறு மடங்கு வரை வசூலிக்கலாம்.

வண்டியில் தண்ணீர், சாப்பாடு, சுத்தம் எல்லாம் நம் பொறுப்பு. மாலை ஐந்து மணிக்கே சாப்பாட்டை முடித்து, ஏறும் முன் நன்றாக நடத்திவிட்டோம். நள்ளிரவு தாண்டித் திருச்சியில் வண்டி நின்றபோது இவர் சங்கிலியோடு இறங்கினார், நான் கதவில் நின்றேன். பழைய போர்வை ஒன்றைக் கீழ்ப் படுக்கையின் அடியில் விரித்ததும் வீட்டு வாசனைக்கு அடங்கிப் படுத்துக்கொண்டது. கூப்பே கிடைக்காவிட்டால் கார்டு பெட்டியில் இருக்கும் நாய்ப் பெட்டிதான் வழி. விதிப்படி அனுப்பலாம், நான் அனுப்ப மாட்டேன். இரும்புக் கூண்டில், இருட்டில், இரைச்சலில், தெருவிலிருந்து வந்த குட்டியைத் தனியாக விட மனசு வராது. அந்த நிலை வந்தால் டிக்கெட்டை ரத்து செய்துவிட்டு வேறொரு தேதி பாருங்கள், அல்லது காரில் போங்கள்.

எல்லாப் பயணத்துக்கும் நாயை இழுக்கவும் வேண்டாம். முதுமலை, டாப்சிலிப் போன்ற காப்புக் காடுகளுக்குள் நாய்க்கு அனுமதியில்லை, இருக்கவும் கூடாது. கோயில் ஊர்களில் அது அறையில் அடைபட்டுக் கிடக்கும். டிசம்பரில் நாங்கள் ராமேஸ்வரம் போனபோது சுக்குவை விட்டுவிட்டுத்தான் போனோம். என் வீட்டுக்காரருக்குப் பாலங்கள் என்றால் உயிர். 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாம்பன் பாலத்தில், கப்பல் வந்தால் 72.5 மீட்டர் நீளத் துண்டு அப்படியே செங்குத்தாக மேலே ஏறுகிறது. அதைப் பார்த்து வந்ததிலிருந்து இன்னும் அதையே பேசிக்கொண்டிருக்கிறார். நாயை விடுதியில் விடுவதாக இருந்தால், பயணத்துக்கு ஒரு மாதம் முன்பே ஒரு ராத்திரி விட்டுப் பாருங்கள். மறுநாள் சாப்பிட்டிருந்ததா, குரல் கம்மியிருக்கிறதா என்று கவனியுங்கள். ராத்திரி முழுக்கக் குரைத்த நாயின் தொண்டை காட்டிக்கொடுத்துவிடும். சுக்குவுக்கு ஒத்துவரவில்லை. மாடி வீட்டு அக்கா எங்கள் வீட்டிலேயே வந்து படுத்துக்கொண்டார்.

பொழுதுபோக்கு என்று கேட்டீர்கள். மாடித் தோட்டமும் நல்லதுதான், வேலை மாறும் வருஷத்தில் தண்ணீர் ஊற்ற ஆள் தேட வேண்டியிருக்கும். என்னைக் கேட்டால் பறவை பார்த்தல். எங்களுக்கு அது சுக்குவால் வந்தது. காய்ச்சல் தேறிய பிறகு செம்பாக்கம் ஏரிக்கரையில் காலை ஐந்தே முக்காலுக்கு மெதுவாக நடத்துவேன். அதுவரை வெறும் தண்ணீராகத் தெரிந்த இடத்தில் முக்குளிப்பானும் நீலத் தாழைக்கோழியும் பாம்புத்தாராவும் ஒவ்வொன்றாகக் கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்தன. இரவு ஷிஃப்ட் முடிந்து வரும் இவர் நேராக ஏரிக்கே வந்துவிடுவார். வாரம் முழுக்க எங்களுக்குச் சேர்ந்து கிடைத்த அரை மணி அதுதான்.

ஒரு நாள் ஆட்காட்டி ஒன்று தலைக்கு மேல் கத்திக்கொண்டே எங்களை நோக்கிப் பாய்ந்து பாய்ந்து திரும்பியது. ஏன் என்று தெரியாமல் நின்றேன். சுக்குவின் முன்காலுக்கு ஒரு முழ தூரத்தில், சரளைக் கல்லோடு கல்லாக, கரும்புள்ளி போட்ட நான்கு முட்டைகள். கூடு என்று ஒன்றுமே இல்லை, வெறும் தரை. அப்படியே சங்கிலியைச் சுருட்டிப் பின்னால் வந்துவிட்டேன். மார்ச்சிலிருந்து ஆகஸ்ட் வரை தரையில் முட்டையிடும் பறவைகள் இப்படித்தான் இருக்கும். அன்றிலிருந்து நாய் நடை தெருவில், பறவை நடை ஏரியில். இரண்டையும் கலக்கவில்லை. நீங்களும் கலக்காதீர்கள், ஏரிக்கரையில் நாயைச் சங்கிலி இல்லாமல் ஒருபோதும் விடாதீர்கள்.

செலவு ஒரு இருகண்நோக்கிதான். 8x42 என்று போட்டதை வாங்குங்கள். எட்டு மடங்கு பெரிதாக்கும், 42 மில்லிமீட்டர் முன்கண்ணாடி, விடிகாலை வெளிச்சத்துக்குப் போதும். அதிகம் பெரிதாக்குவதை வாங்கினால் கை நடுக்கமும் சேர்ந்து பெரிதாகும். வேடந்தாங்கலுக்கு நவம்பர் முதல் மார்ச் வரை போகலாம், உங்கள் ஊரிலிருந்து விடிகாலையில் கிளம்பினால் மதியத்துக்குள் திரும்பி நாய்க்குச் சாப்பாடு போட்டுவிடலாம். அங்கே ஊர்க்காரர்கள் பறவைகளுக்காகக் கலெக்டரிடம் போய் வேட்டையை நிறுத்த உத்தரவு வாங்கியது 1798-இல். நத்தைகுத்தி நாரையும் கரண்டிவாயனும் கூழைக்கடாவும் கூட்டம் கூட்டமாக இறங்கும் சாயங்காலத்தைப் பார்க்க நினைத்தால் மட்டும், அக்கா ஒருவரை முன்கூட்டியே வீட்டுக்குச் சொல்லி வையுங்கள்.

பொங்கல் நாட்களில் தமிழ்நாடு முழுக்கப் பறவைக் கணக்கெடுப்பு நடக்கும், 2015-இலிருந்து நடக்கிறது. நான்கு நாளில் எப்போது வேண்டுமானாலும், எங்கே வேண்டுமானாலும், குறைந்தது 15 நிமிஷம் நின்று பார்த்த பறவைகளை எண்ணி இபேர்ட் செயலியில் ஏற்ற வேண்டும், அவ்வளவுதான். இந்த ஜனவரியில் நாங்கள் மொட்டைமாடியில் கோலம் காய்வதற்குள் முதல் பட்டியலை முடித்தோம்: காகம் பதினொன்று, மைனா நான்கு, தவிட்டுக்குருவி ஏழு, செம்போத்து ஒன்று, பச்சைக்கிளி இரண்டு. இவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன், சுக்கு என் பாதத்தின் மேல் படுத்திருந்தது.